பேசிப் பழக ஒரு பாடவேளை

பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்து, பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கிய மாணவர் பலர், நேர்காணலில் தம் ஊரைப் பற்றி நாலு வாக்கியம் சொல்ல முடியாமல் திணறுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. வாய்திறந்து பேச வகுப்பறை அவர்களுக்கு இடமே கொடுக்கவில்லை. பாத்திரமேற்று நடிக்கும் பயிற்சி அந்த இடத்தைக் கொடுக்கும். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. சில துண்டுச் சீட்டுகள் போதும். மாணவர்கள் இருவர் இருவராக உட்காருகிறார்கள். ஒருவர் வங்கி ஊழியர்; மற்றவர் ஏடிஎம் கார்டைத் தொலைத்தவர். ஊழியரின் சீட்டில் கேட்க வேண்டிய விவரங்கள் இருக்கும். மற்றவரின் சீட்டில் கார்டு எங்கே, எப்போது தொலைந்தது என்று இருக்கும். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்கக் கூடாது. கேட்டால்தான் தெரியும், சொன்னால்தான் காரியம் நடக்கும். “யெஸ்டர்டே ஐ கோ டு மார்க்கெட்” என்று ஒரு மாணவி தொடங்கினால் ஆசிரியர் குறுக்கிடாமல் குறித்துக்கொள்கிறார். எல்லாரும் முடித்த பிறகு, யார் சொன்னது என்று சொல்லாமல், அங்கே ‘வென்ட்’ வர வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறார். பிறகு இருவரும் பாத்திரம் மாறி மீண்டும் பேசுகிறார்கள்.

தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற கூச்சம்தான் நம் பிள்ளைகளின் வாயைக் கட்டிப்போடுகிறது. வேறொருவராகப் பேசும்போது அந்தக் கூச்சம் குறைகிறது. கணக்கும் இதன் பக்கமே நிற்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேசினால் ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைப்பதே அரிது. இருவர் இருவராகப் பேசினால் ஒரே நேரத்தில் இருபது வாய்கள் திறக்கின்றன.

வகுப்பு சந்தைக்கடையாகிவிடும் என்று தலைமையாசிரியர்கள் தயங்கலாம். மொழி வகுப்பில் பேச்சுச் சத்தம் கேட்பதே முறை. ஆண்டு விழாவுக்கு வசனம் மனப்பாடம் செய்ய வைப்பதையும் இதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. அடுத்தவர் என்ன சொல்வார் என்று தெரியாத நிலையில்தான் பேச்சு பழகும். தமிழுக்கும் இதனால் கேடில்லை. என்ன பேசுவது என்று தமிழில் கலந்து பேசிவிட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் நடிக்கட்டும்.

ஆனால் தேர்வில் இல்லாதது வகுப்பிலும் நிலைக்காது. நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கான 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே போகிறது. சிபிஎஸ்இ, பேசுவதற்கும் கேட்பதற்கும் அக மதிப்பீட்டில் மதிப்பெண் வைத்திருக்கிறது. மாநில வாரியமும் அதைச் செய்ய வேண்டும். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தருவதை வரவேற்கிறோம். ஆனால் கூச்சம் இறுகிப்போகும் முன்பே, பள்ளியிலேயே அது தொடங்க வேண்டும்.

மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் ஆசிரியர்களையே முதலில் நடிக்க வைத்துப் பழக்கட்டும். திருப்பூரில் பின்னலாடை வாங்க வரும் வெளிநாட்டு வணிகர், மாமல்லபுரத்தில் வழி கேட்கும் பயணி என்று அந்தந்த ஊருக்கேற்ற சீட்டுகளை அவர்களே எழுதட்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பணம் கட்டி ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ கற்கிறார்கள். மற்றவர்களுக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை. வரும் கல்வியாண்டின் கால அட்டவணையிலேயே அந்தப் பாடவேளை இடம்பெற வேண்டும்.