தலைவிதியா, சாலைவிதியா?

மக்கள் தம் அறியாமையாலும் அசட்டையாலும் வரவழைத்துக்கொள்ளும் துன்பங்கள் பல. அவை அனைத்திற்கும் நம்மவர் ஒரே பெயரைச் சூட்டி வைத்திருக்கின்றனர். தலைவிதி என்பதே அப்பெயர். பெரியம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தில் அதனை விதி என்றனர். அம்மை குத்தும் முறை பரவிய பின்னர் அவ்விதி இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பிள்ளைப்பேற்றில் தாய் மாண்டால் அதனையும் விதி என்றனர். மருத்துவம் பார்ப்போர் கைகழுவக் கற்ற பின்னர் அவ்விதியின் வலிமையும் குன்றியது. அறிவு நுழையும் இடமெல்லாம் விதி வெளியேறுகின்றது. வெளியேறிய விதி இன்று நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முன்னே ஓடும் அகன்ற சாலைகளில் வந்து குடிகொண்டிருக்கின்றது.

சிங்கப்பூரிலுள்ள குடியிருப்புப் பேட்டைகளில் ஏதேனும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சாலைக்கு இப்புறம் வீடு. அப்புறம் ஈரச்சந்தை, பள்ளிக்கூடம், மருந்தகம், பேருந்து நிறுத்தம். இடையிலே மோட்டார் வண்டிகள் ஓயாது பாய்கின்றன. விடியற்காலையில் மீனும் கீரையும் வாங்கப் புறப்படும் மூதாட்டி அச்சாலையைக் கடந்தே ஆகவேண்டும். சிறுவன் புத்தகப்பையுடன் கடந்தே ஆகவேண்டும். ஒருநாள் ஒரு வண்டி மோதிவிடுகின்றது. உடனே அக்கம்பக்கத்தார் என்ன கூறுகின்றனர்? "அவள் நேரம் முடிந்துவிட்டது", "எமன் வண்டி உருவில் வந்தான்" என்று கூறி, பெருமூச்செறிந்து, துக்கம் விசாரித்துத் திரும்புகின்றனர். அதே சாலையில் மறுநாளும் வண்டிகள் அதே வேகத்தில் பாய்கின்றன.

இந்த ஆறுதல் மொழியை நாம் வன்மையாகக் கண்டிக்கின்றோம். இஃது இறந்தோருக்குச் செய்யும் மரியாதையன்று. கொல்லும் ஏற்பாட்டிற்குக் கொடுக்கும் மன்னிப்பு.

சிங்கப்பூர்ச் சாலைகளில் 2023ஆம் ஆண்டில் 136 பேரும், 2024ஆம் ஆண்டில் 142 பேரும் மாண்டனர். இவர்களுள் நடந்து சென்றோரும் உளர். உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலைகளில் உயிரிழக்கின்றனர். அவர்களில் ஐவரில் ஒருவர் பாதசாரி. ஆனால் நார்வே நாட்டின் தலைநகராகிய ஆஸ்லோவில் 2019ஆம் ஆண்டு முழுவதும் பாதசாரி ஒருவரேனும் சாலை விபத்தில் இறக்கவில்லை. அவ்வாண்டில் பிரமன் அந்நகரத்தாரின் தலையெழுத்தை மட்டும் அழித்துத் திருத்தி எழுதினானா? இல்லை. அந்நகரத்தார் வண்டிகளின் வேகத்தைக் குறைத்தனர், தெருக்களைத் திருத்தினர். எழுதியவர்களும் மனிதர்களே; திருத்தியவர்களும் மனிதர்களே.

வேகம் என்ன செய்யும் என்பதைப் பள்ளிக்கூடத்துக் கணக்கைக் கொண்டே காணலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கின்றது. எதிரே ஒருவர் வருவதைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடி ஆகும் என்று கொள்வோம். உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி 13 மீட்டர் அளவில் நின்றே விடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கோ அவ்விடத்தில் பிரேக்கே விழுந்திராது! முன்னது நிற்கும் இடத்தில் பின்னது முழு வேகத்துடன் மோதும். மோதும் ஆற்றலோ வேகத்தின் இருமடிப் பெருக்கத்திற்கேற்ப வளர்வதால், அது முன்னதன் ஆற்றலினும் ஏறத்தாழ மூன்று மடங்காகின்றது. மூதாட்டியின் எலும்பு இதனைத் தாங்குமா? இங்கே எமன் எங்கே வந்தான்? கணக்கன்றோ வந்தது!

இனிச் சந்திப்பு விளக்குகளைக் கவனிப்போம். 20 மீட்டர் அகலமுள்ள சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 17 நொடியில் கடப்பார். முழங்கால் வலியுடன் நொடிக்கு 0.8 மீட்டர் நடப்பவருக்கு 25 நொடி வேண்டும். முன்னவரை மட்டும் கருதி அமைத்த விளக்கு, பின்னவரை நடுச்சாலையில் நிறுத்திவிடும். இக்குறையை அரசாங்கத்தாரே உணர்ந்து, 2009ஆம் ஆண்டில் 'கிரீன் மேன் பிளஸ்' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினர். முதியோரும் உடற்குறையுடையோரும் தம் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் காட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக எரியும். மேலும், பாதசாரிக்குப் பச்சை காட்டும் அதே வேளையில், வலப்புறம் திரும்பும் வண்டிக்கும் இடைவெளி பார்த்துத் திரும்ப உரிமை தந்த சந்திப்புகள் பல இருந்தன. 2018ஆம் ஆண்டு முதல் அவற்றில் பலவற்றுக்குத் தனி அம்பு விளக்குகள் பொருத்தப்பட்டு வருகின்றன. அம்பு விளக்கால் தடுக்கக்கூடிய சாவை ஆண்டவன் செயல் என்பது அறிவுடைமையாகுமா?

"பாதசாரிகள் மட்டும் யோக்கியரா? கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடக்கின்றனர், கடக்கும் இடத்தை விட்டுக் குறுக்கே ஓடுகின்றனர்" என்று கூறுவாரும் உளர். உண்மை, அத்தகையோரை நாம் ஆதரிக்கவில்லை. கடக்குமிடத்திற்கு 50 மீட்டருக்குள் வேறிடத்தில் கடப்பது இங்குக் குற்றம் என்பதையும் அறிவோம். ஆயினும் ஒன்று கேட்கின்றோம். உயர்ந்த லாரிகள் கீழே செல்லும்படி கட்டிய நடைமேம்பாலத்தில் ஏற முப்பது படிக்குக் குறையாது. மின்தூக்கி இல்லாத இடத்தில் காய்கறிப் பையுடன் அப்படிகளை ஏறி இறங்கமாட்டாத முதியவர், கீழே கடக்கத் துணிந்தால், குற்றம் அவருடையது மட்டுந்தானா? உட்கார்ந்து செல்பவன் சமதரையில் போகின்றான். நடந்து செல்பவன் மாடி ஏறவேண்டியிருக்கின்றது. இந்நீதியை வகுத்தவர் யார்? மனிதன் தவறக்கூடியவன், அத்தவறுக்கு மரணம் தண்டனையாகக் கூடாது என்னும் கொள்கையை ஸ்வீடன் நாட்டு நாடாளுமன்றம் 1997ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. சாலை அமைப்போருக்கும் பொறுப்புண்டு என்பது அக்கொள்கையின் உயிர்நாடி.

வண்டி ஓட்டும் நம்மவரிடமும் சில சொற்கள் கூறவேண்டும். புது வண்டி வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுபோய் மாலையிட்டு, சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டத் தொடங்குகின்றனர். பழம் நசுங்கினால் கண்ணேறு கழிந்ததாம்! நமக்கு ஆபத்து நேராதபடி செய்த இச்சடங்கில், எதிரே நடந்து வருபவனுக்கு என்ன பாதுகாப்பு? பழத்திற்குச் செலவிடும் சிரத்தையில் ஒரு பங்கைப் பிரேக்குக்கும், வேகமானியின் முள்ளுக்கும், வரிக்குதிரைக் கோட்டிற்கும் செலவிட்டால் அதுவே உண்மையான பூசை.

"வேகத்தைக் குறைத்தால் நேரம் வீணாகுமே" என்பது மற்றொரு முறையீடு. இதனையும் கணக்கிட்டே பார்ப்போம். குடியிருப்பின் ஓரமாக அரைக் கிலோமீட்டர் செல்ல, 50 கிலோமீட்டர் வேகத்தில் 36 நொடியும், 30 கிலோமீட்டர் வேகத்தில் 60 நொடியும் ஆகும். வேறுபாடு 24 நொடி! காப்பிக்கடையில் தேநீருக்குச் சீனி கலக்கும் நேரம். இந்த 24 நொடிக்கு ஓர் உயிரைப் பணயம் வைப்பது எந்த அறம்?

முதியோர் மிகுந்த பேட்டைகளில் 2014ஆம் ஆண்டு முதல் 'சில்வர் சோன்' என்னும் வட்டாரங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. அங்கே வேகம் குறைக்கப்பட்டு, சாலை வளைக்கப்பட்டு, நடுவே ஒதுங்கி நிற்க இடமும் விடப்படுகின்றது. நல்ல காரியம், பாராட்டுகின்றோம். ஆனால் முதியவர் வட்டாரத்தின் எல்லையைத் தாண்டியதும் இளைஞராகிவிடுகின்றாரா? அவ்வெல்லைக்கு அப்பால் பிறந்த குழந்தையின் எலும்பு இரும்பாலானதா? மக்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்சவேகமாக இருத்தல் வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வற்புறுத்தியது. குடியிருப்புகளை அடுத்த சாலைகள் அனைத்திற்கும் இதனை விதியாக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

கோரிக்கை எழுதிவிட்டதால் கடமை தீர்ந்ததென்று நாம் கருதவில்லை. அன்பர்களே! உங்கள் வீட்டெதிரே பச்சை விளக்கு எத்தனை நொடி எரிகின்றது என்று நாளையே எண்ணிப் பாருங்கள். உங்கள் தாயார் அதற்குள் கடக்க முடிகின்றதா என்று உடன் நடந்து பாருங்கள். முடியாவிடில் நிலப் போக்குவரத்து ஆணையத்திற்கு எழுதுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரை மக்கள் சந்திப்பில் கண்டு கூறுங்கள். அண்டை வீட்டுச் சீனரையும் மலாய்க்காரரையும் உடனழைத்துச் செல்லுங்கள். சாலைக்குச் சாதியுமில்லை, மதமுமில்லை. துக்க வீட்டில் யாரேனும் "விதி" என்று தொடங்கினால், அச்சாலையில் வண்டிகள் ஓடும் வேகம் எவ்வளவு என்று அவரைக் கேளுங்கள்.