கடலில் தேடுதலை நிறுத்துவது குறித்து எங்கள் நிலைப்பாடு

ஆழ்கடலில் காணாமற்போன நம் தொழிலாளர்களைத் தேடும் பணி நிறுத்தப்பட்டது பற்றிச் செயற்குழு நள்ளிரவு வரை விவாதித்தது. 2017 ஒக்கிப் புயலில் நடந்ததை உறுப்பினர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

தேடுதலை நிறுத்தக் காட்டப்படும் பிழைப்பு நேர அட்டவணைப்படி, இத்தனை மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் எவரும் உயிரோடிருக்க முடியாதாம். எந்தத் தண்ணீரில்? டைட்டானிக் மூழ்கிய இடத்தில் நீர் ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி. முதல் நிமிடம் மூச்சுத் திணறல், பத்து நிமிடத்தில் கைகால் மரத்துப்போதல், ஒரு மணி நேரத்தில் நினைவிழத்தல் என்று கனடாவின் உடலியல் ஆய்வாளர் கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கும் உறைகுளிர் நீருக்கானது. நம் மேற்குக் கடலின் மேல்நீர் டிசம்பரிலும் 27, 28 டிகிரி இருக்கும். அதுவும் உடல்சூட்டை மெல்ல உறிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் ஒக்கியில் கவிழ்ந்த வள்ளத்தையும் காலி கேனையும் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் கிடந்தவர்கள் மீண்டு வந்தார்கள். அவர்களிடம் போய் இந்த அட்டவணையைக் காட்டுங்கள்.

குளிர்கடலிலேயே கணக்கு பொய்த்ததுண்டு. 1984 மார்ச்சில் ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன் தீவுகளுக்கு அருகே மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. ஐந்தாறு டிகிரி நீரில் ஐந்தாறு மணி நேரம் நீந்திக் கரையேறினார் குவித்லாய்கூர் ஃபிரித்தோர்சன். உடனிருந்த நால்வரும் மாண்டனர். அவர் தோலடிக் கொழுப்பு மற்றவர்களுக்கு இருப்பதைவிடத் தடிமன் என்று மருத்துவர்கள் பிறகு கண்டார்கள். ஒரே படகு, ஒரே நீர்.

எனவே, பிழைப்பு நேர அட்டவணையை ஒரு துணைக் குறிப்பாக வைத்துக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை என்று பெரும்பான்மையோர் கருதுகின்றனர். அதை மட்டும் காட்டித் தேடுதலை நிறுத்துவதை யாரும் ஏற்கவில்லை.

நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும் என்று அறிந்த, பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலாளர்களைத் தேடும் கப்பலில் ஏற்றுங்கள் என்று ஒக்கியின்போதே கெஞ்சினோம். இன்னும் எத்தனை முறை கெஞ்ச வேண்டும்?

உயிர்காப்பு அங்கியை இயன்றவரை கட்டாயமாக்கலாம். மீட்கப்படுவோரைப் படுத்த நிலையில் தூக்கப் பயிற்சி வேண்டும். காணாமற்போனவரை இறந்தவராகக் கருத ஏழாண்டு காத்திருக்கச் சொல்லும் சட்டவிதி பற்றி உறுப்பினர்களிடையே ஒத்த கருத்து எட்டப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்படுகிறது.

தேடுதலை நிறுத்துமுன், எந்தப் பரப்பு தேடப்பட்டது, காற்றும் நீவாடும் எப்படிக் கணக்கிடப்பட்டன என்பதைக் குடும்பத்தாருக்குத் தமிழில், எழுத்தில் தர வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிடுவதை இனி ஒப்புக்கொள்ள மாட்டோம்.