கம்ப்யூட்டரில் வளரும் நெற்பயிர்

நடவைப் பதினைந்து நாள் தாமதித்தால் மகசூல் எவ்வளவு குறையும் என்னும் கேள்விக்கு நிலத்தில் விடை காண விரும்புவோர் ஒரு போகம் முழுதும் காத்திருத்தல் வேண்டும். அவ்விடையும் அவ்வாண்டின் மழைக்கும் வெயிலுக்குமே பொருந்தும். மறு ஆண்டில் மாறலாம். இக்குறையை ஓரளவு நீக்கவல்ல சாதனமாக, பயிர் வளர்ச்சியைக் கம்ப்யூட்டரில் கணிக்கும் மாதிரிகள் இப்பொழுது பயன்பட்டு வருகின்றன.

நெற்பயிருக்கென அமைந்த 'ஒரைசா 2000' என்னும் மாதிரியைப் பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் நெதர்லாந்து தேசத்து வாகெனிங்கன் சர்வகலாசாலையாரும் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தினசரி உஷ்ணம், சூரிய வெளிச்சம், மழை, மண்ணின் தன்மை, நடவுத் தேதி, இட்ட தழைச்சத்து ஆகியவற்றைக் கொடுத்தால், பயிரின் வளர்ச்சியை அது நாள்வாரியாகக் கணித்துக் காட்டும். 30 ஆண்டு வானிலைக் குறிப்புடன் 5 நடவுத் தேதிகளைச் சேர்த்தால், 150 போகங்களைச் சிறிது நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காரணத்தை விளக்குவதே இதன் பெரும்பயன் என்பது எமது அபிப்பிராயம். பூக்கும் தருணத்தில் உஷ்ணம் 35 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படின் பதர் மிகும். எந்தத் தேதியில் நட்டால் எத்தனை ஆண்டுகளில் இந்நஷ்டம் நேர்கிறது என்று ஆராய்பவர், சராசரி மகசூலுக்குள் மறைந்து கிடக்கும் அபாயத்தைக் கண்டுகொள்வார். "எத்தனை மூட்டை காணும்?" என்று மட்டும் கேட்டவர், "எதனால் கெடும்?" என்றும் கேட்கப் பழகுவார்.

அனுபவமுள்ள குடியானவருக்கு இயந்திரம் என்ன சொல்லிவிடும் என்று சிலர் ஆட்சேபிப்பர். அது முற்றும் தவறன்று. பூச்சி, நோய், களை ஆகியவை அடக்கப்பட்டன என்று கொண்டே மேற்படி மாதிரி கணிக்கிறது. எலியின் சேதத்தை அது அறியாது. ஆதலின், அதன் யோசனையை ஒரு சிறு வயலில் பரீக்ஷித்த பின்னரே முழு நிலத்திலும் கைக்கொள்ளல் நலம்.

பட்டாதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பொய்க் குறிப்பிலிருந்து மெய்க் கணக்குப் பிறவாது. மழையை அளக்காமல் உத்தேசமாய் எழுதுவதும், நடவுத் தேதிகளை அறுவடைக்குப்பின் ஒருசேர நிரப்புவதும், ஊருக்குப் பொருந்தாத யோசனையையே ஊருக்குத் திருப்பித் தரும். விதைத்த நாள், நட்ட நாள், பூத்த நாள், அறுத்த நாள், களத்தில் கண்ட எடை ஆகிய ஐந்தையும் வயல்வாரியாக அன்றன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதிகச் செலவில்லாத இவ்வேலையே வருங்காலக் கணக்குகளுக்கெல்லாம் விதைநெல்லாகும்.