சூடு என்று சும்மா இருந்துவிடாதீர்கள்!

சிறுநீர் சிவந்து போகிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்முடைய முதல் பதில் என்ன? "உடம்புச் சூடு! இரண்டு இளநீர் குடி, சரியாகிவிடும்" என்பதுதான். பாகூர் ஏரிப் பாசனத்தில் நாற்று நடும் பெண்ணானாலும் சரி, வில்லியனூரில் அடுப்படியில் நிற்கும் மாமியானாலும் சரி, கைவைத்தியம் இதுவே. பீட்ரூட் தின்றாலும், க்ஷயத்துக்குச் சில மாத்திரைகள் சாப்பிட்டாலும் நிறம் மாறும். அது வேறு விஷயம். ரத்தமாக இருந்தால்?

எகிப்து தேசத்தாரும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். நைல் நதிக் கிராமங்களில் பையன்களுக்குச் சிறுநீரில் ரத்தம் போவது சர்வ சாதாரணம். பிள்ளை பெரியவனாகிவிட்டதற்கு அடையாளம் என்றுகூட எண்ணினார்களாம்! 1851-ல் கெய்ரோ நகரில் தியோடோர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய டாக்டர் உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தார். ரத்தக் குழாயில் குடியிருக்கும் ஒரு புழு! 1910-ல், மூவாயிரம் வருஷத்து மம்மிகளின் சிறுநீரகத்திலும் அதன் முட்டைகள் அகப்பட்டன.

இந்தப் புழுவின் இல்லறம் விசித்திரமானது. ஆண் புழுவின் உடல் மடிப்புக்குள்ளேயே பெண் புழு வாசம் செய்கிறது. முள் முனை கொண்ட அதன் முட்டைகள் மூத்திரப் பையின் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியேறும்போதுதான் ரத்தம் கசிகிறது. குளத்தில் விழுந்த முட்டை பொரிந்து, குஞ்சு ஒரு நத்தைக்குள் புகும். அங்கே ஆயிரக்கணக்கில் பெருகி வெளிவந்து, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்தத் தண்ணீரைக் குடிக்கக்கூட வேண்டாம். துணி துவைக்க நின்றாலே போதும்.

வெளியேற முடியாத முட்டைகள் சுவரிலேயே தங்கிவிடுகின்றன. அந்த இடம் வருஷக் கணக்கில் புண்ணாகி, ஆறி, மறுபடியும் புண்ணாகிறது. இந்த ஓயாத ரிப்பேர் வேலைக்கு நடுவில்தான் புற்று தலைகாட்டுகிறது. இந்தத் தொடர்பை 1911-ல் கெய்ரோவில் பெர்கூஸன் என்ற டாக்டர் எடுத்துக் காட்டினார். 1994-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், சந்தேகமில்லாமல் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் வரிசையில் இந்தப் புழுவையும் சேர்த்துவிட்டது.

நம் ஏரியில் இறங்கலாமா என்று கேட்கிறீர்களா? தாராளமாக இறங்கலாம். இந்தியாவில் இந்த வியாதி இருந்ததாக நன்கு ஆராயப்பட்ட இடம், மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி ஜில்லாவிலுள்ள கிம்வி என்ற கிராமம். 1952-ல் அது வெளியாயிற்று. நம் பக்கத்து வயல்களில் இருப்பது இதன் தாயாதிகளான மாட்டுப் புழுக்கள். அவை மனிதர் தோலில் புகுந்தாலும் அங்கேயே மடிந்துவிடும். காலில் அரிப்பும் தடிப்பும் வரும், அவ்வளவுதான்.

அப்படியானால் நமக்கென்ன கவலை என்று இருந்துவிடக் கூடாது. மூத்திரப் பைப் புற்று இங்கேயும் வருகிறது. புழு இல்லாத தேசங்களில் அதற்கு முக்கியக் காரணம் புகையிலை. பெரும்பாலும் அதன் முதல் அறிகுறி, வலியே இல்லாமல் போகும் ரத்தம். ஒரு நாள் தோன்றும். பிறகு பல நாள் காணாமல் போகும். 'இளநீரில் குணமாயிற்று' என்று நாம் நம்பிவிடுகிறோமே, அந்த இடைவெளிதான் பொல்லாதது! பெண்கள் விஷயத்தில் இன்னும் மோசம். மாதவிலக்கு என்றோ நீர்க்கடுப்பு என்றோ அவர்களே நாள் கடத்திவிடுகிறார்கள்.

ரத்தம் ஒரே தடவை வந்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்வார்கள்; அவசியமானால் மெல்லிய குழாய் விட்டு மூத்திரப் பையின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். பாகூர், வில்லியனூர்க்காரர்களுக்குக் கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரி பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.

ஆப்பிரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் மகனோ மருமகனோ லீவில் வந்திருக்கிறாரா? அங்கே ஏரியிலோ ஆற்றிலோ குளித்ததுண்டா என்று கேளுங்கள். குளித்திருந்தால், உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். பிராசிகுவாண்டெல் என்ற மாத்திரை இருக்கிறது. எடைக்குத் தக்கபடி பெரும்பாலும் ஒரே வேளைதான் கொடுப்பார்கள்.