ரூபிகன் தெரியும், வையை தெரியுமா?

நம் சங்க மேடையில் ஜூலியஸ் சீசர் சாகாத ஆண்டே இல்லை. கி.மு. 49-இல் ரூபிகன் ஆற்றைத் தாண்டினான், மறு ஆண்டு பார்சேலியாவில் பாம்பேயை முறியடித்தான், எகிப்துக்கு ஓடிய பாம்பேயின் தலை துண்டிக்கப்பட்டது என்று நம் நண்பர்கள் மூச்சு விடாமல் முழங்குவர். முழங்கட்டும், குறை கூறவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். மதுரைக் கோட்டை வாயிலில் ஆணி அறைந்து வைக்கப்பட்ட தலைகள் யாருடையவை? இதற்கு விடை சொல்ல நம்மில் எத்தனை பேர் எழுவர்?

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாண்டிய அரியணைக்கு இருவர் போட்டியிட்டனர். மதுரையில் இருந்தவன் பராக்கிரம பாண்டியன். முற்றுகையிட்டவன் குலசேகர பாண்டியன். பராக்கிரமன் கடல் கடந்து ஆள் அனுப்பி, இலங்கை வேந்தன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். உதவி வருமுன் மதுரை வீழ்ந்தது, கேட்டவனும் கொலையுண்டான். ஆயினும் படை வந்தது. தண்டநாயகன் இலங்காபுரன் இராமேசுவரத்தில் இறங்கி, குந்துகாலில் கோட்டை கட்டி, ஊர் ஊராகப் பிடித்துச் சென்று, இறந்தவன் மகன் வீரபாண்டியனை அரியணையில் அமர்த்தினான். குலசேகரனோ தாய்மாமன் வழியில் கொங்குப் படைகளைத் திரட்டினான், சோழனையும் நாடினான். இரண்டாம் இராசாதிராசனின் தளபதி பெருமானம்பிப் பல்லவராயன் புறப்பட்டான்.

முடிவு என்ன? அதுதான் வேடிக்கை! இலங்கையின் சூளவம்சத்தைப் படித்தால் இலங்காபுரனுக்கு வெற்றிமேல் வெற்றி. சிறைப்பட்ட தமிழரைக் கொண்டு அநுராதபுரத்துப் பெருந்தூபியைச் செப்பனிட்டதாகவும் காண்கிறோம். மாயூரத்தை அடுத்த பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைப் படித்தாலோ, அதே இலங்காபுரனின் தலை மதுரை வாயிலில் தொங்குகிறது! காஞ்சிபுரத்தை அடுத்த ஆர்ப்பாக்கத்துக் கல்வெட்டு இன்னொன்று சொல்கிறது. இலங்கைப் படையின் செய்தி கேட்டு நடுங்கிய சம்புவராயன், உமாபதி தேவர் என்னும் பெரியவரிடம் வழிபாடு நடத்தச் சொன்னானாம். வெற்றிச் செய்தி வந்ததும் ஊரையே எழுதி வைத்தானாம். பகைவனை வென்ற பெருமிதத்தைக் காட்டிலும் இந்த நடுக்கத்தைத்தான் நான் நம்புகிறேன். தோற்றதைத் தோற்றவன் எழுதவில்லை; ஆனால் பயந்ததைப் பயந்தவன் எழுதியிருக்கிறான். சீசரின் போரையும் சீசரே அல்லவா எழுதினான்? அதை ஐயத்தோடு படிக்கக் கற்ற நாம், நம் கல்லையும் பிறர் ஏட்டையும் எதிரெதிரே வைத்துப் படிக்க வேண்டாமா?

கதை அதோடும் நிற்கவில்லை. சோழன் தயவால் அரசு பெற்ற குலசேகரன், அதே இலங்கையோடு உறவாடி, வாயிலில் இருந்த தலைகளை இறக்கிவிட்டான். சினந்த சோழன் அவனை விரட்டி, எந்த வீரபாண்டியனை எதிர்த்துப் போரிட்டானோ அந்த வீரபாண்டியனையே அரசனாக்கினான்! பின்னர் மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் அவனுக்கும் அதே கதி. சோழர் ஆதரவு விக்கிரம பாண்டியனுக்குப் போயிற்று. வீரபாண்டியன் சேரநாட்டுக்கு ஓடிக் கொல்லத்தில் அடைக்கலம் புகுந்தான். சேரன் சில காலம் வைத்திருந்து, பின் சோழன் முன் கொண்டுபோய் நிறுத்தினான்.

அங்கே எனக்கு ஒரு சொந்த அக்கறை உண்டு. என் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாயில், சித்தூர்த் தாலுகாவில் உள்ளது. கொங்கு நாடு எங்களுக்குக் கூப்பிடு தூரம். என் அறை நண்பன் தேவிகுளத்தான். 1956-இல் மாநிலங்கள் பிரிந்த நாளிலிருந்து எங்களைப் பார்த்து, "நீங்கள் அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?" என்று கேட்காதவர் இல்லை. மலை மதில் என்று எண்ணுவோர் கேட்கும் கேள்வி அது. தோற்றவனுக்கு மலை மதிலன்று, வழி. இடுக்கிக்கு அருகே பூஞ்ஞாற்று அரச குடும்பத்தார், தாங்கள் மதுரையிலிருந்து மலை தாண்டி வந்த பாண்டிய மரபினர் என்றே சொல்லி வருகின்றனர். அந்தக் குடும்பம்தான் 1877-இல் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயனுக்குக் குத்தகைக்கு விட்டது. பின்னர் அங்கே தேயிலை வந்தது. தேயிலை பறிக்கப் பாண்டி நாட்டுக் குடியானவன் வந்தான். அரசன் ஏறிய மலையில் அவன் குடிகள் கூலிகளாய் ஏறினர். என் நண்பனின் பாட்டனும் அவர்களில் ஒருவர். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மாமனுக்காகவும் மருமகனுக்காகவும் மாண்ட கொங்கு வீரர் பெயரும் இல்லை.

ஆகவே சங்கச் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவில் சீசருக்கு ஓய்வு கொடுங்கள். மதுரை வாயிலை மேடையில் எழுப்புவோம்; ஒரே போரை இரண்டு காட்சிகளாக, சூளவம்சத்தின்படி ஒன்றும் கல்வெட்டின்படி ஒன்றும் நடிப்போம். இலங்காபுரன் வேடத்துக்கு நான் பெயர் கொடுத்துவிட்டேன். தலை போகும் வேடம் என்பதால் போட்டி இல்லை. பல்லவராயனுக்குத்தான் ஆள் வேண்டும்.