இரண்டு கூடவா? இரண்டு மடங்கா?

தம்பியிடம் 3 புளியங்கொட்டை. அக்காளிடம் அதைப்போல் 4 மடங்கு. அக்காளிடம் எத்தனை?

"7" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. "முந்நான்கு பன்னிரண்டு" என்று பாட்டுப்போல் ஒப்பிக்கிற பிள்ளையும் அப்படிச் சொல்லும்! வாய்ப்பாடு தெரியும்; மடங்கு என்பதைக் கண்ணால் பார்த்ததில்லை.

காட்டுவது எளிது. தம்பி பக்கம் 3 கொட்டை. அக்காள் பக்கம் மும்மூன்றாக 4 குவியல். பிள்ளையே வைத்து, பிள்ளையே எண்ணட்டும். (கொட்டை எடுத்த புளி வாங்கும் வீட்டில் கொண்டைக்கடலை போதும்.) இனி தம்பிக்கு ஒரு கொட்டை கூடக் கொடுங்கள். அக்காளுக்கு எத்தனை கொடுக்கவேண்டும்? குவியலுக்கு ஒன்றாக 4! கூட்டலுக்கும் மடங்குக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் பிடிபடும்.

1 முதல் 3-ம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தமிழக அரசு 2022-ல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்திலும் செய்து பார்த்துப் படிப்பதுதான் முறை. நல்லது. ஆனால் வீட்டில், "வாய்ப்பாட்டைச் சொல்!" என்ற அதட்டல் நின்றபாடில்லை.

இது பள்ளிக்கூடத்தோடு போகிற கணக்கு அல்ல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் இன்று தொழிற்பூங்கா இருக்கிறது. நாளைக்கு அங்கே வேலைக்குப் போகப்போவது இந்தப் பிள்ளைகள்தான். ஓவர்டைம் வேலைக்கு இரண்டு மடங்கு கூலி என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால், ஓவர்டைமுக்கு 120. மடங்கு தெரியாதவருக்கு 62 ரூபாயும் சரியாகத்தான் தோன்றும்!