எம்மொழி பயில்வது?



அறிவியல் பயிலும் ஒருவனுக்கு மொழியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான்: மொழியைத் தேர்ந்தெடுப்பதில் ஒருமுறை தவறியவன் நான். வழி தவறியவன் சொல்லும் சொல்லும் சில வேளைகளில் பயன்படும்.

திருநெல்வேலிச் சீமையில் ஏழாம் வகுப்பு முடித்த ஆண்டில் தந்தையார் சாலைக் கடைத்தெருவில் பணியேற்றார். குடும்பம் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தது. எட்டாம் வகுப்பில் சேரச் சென்ற அன்று பள்ளி அலுவலகத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். முதல் மொழிக்கு இரண்டு தாள்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழி. இந்தி மூன்றாம் மொழி. முதல் தாளுக்கு மலையாளம், தமிழ், கன்னடம், வடமொழி, அரபி, உருது என்று பல மொழிகள் வரிசையாக நின்றன. அதுவரை தமிழும் ஆங்கிலமும் மட்டுமே கற்றிருந்த எனக்கு, மலையாளமும் இந்தியும் ஒருங்கே புதியவை. தந்தையார் சற்றும் தயங்கவில்லை. முதல் தாள் தமிழ், இரண்டாம் தாள் மலையாளம் என்று எழுதிக் கொடுத்தார். பத்தாம் வகுப்பு வரை அவ்வாறே பயின்றேன்.

தவறு அதன் பின்னர் நேர்ந்தது. பதினோராம் வகுப்பில் ஆங்கிலத்தோடு இன்னும் ஒரு மொழியைத்தான் கொள்ள முடியும். தமிழ் கற்பிக்கும் பள்ளி தொலைவில் இருந்தது. வீட்டருகே இருந்த பள்ளியிலோ மலையாளமும் இந்தியுமே இருந்தன. இந்தியில் மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்றார் ஒருவர். இம்முறை படிவத்தை நிரப்பியவன் நான். மதிப்பெண் வந்தது, தமிழ் போயிற்று.

போனது அன்று தெரியவில்லை. சென்ற ஆண்டு விடுமுறையில்தான் தெரிந்தது. ஊரில் ஆசிரியராக இருக்கும் என் மாமா, “மருமகனே, பிள்ளைகளுக்கு இயற்பியலைப் பற்றி அரைமணி நேரம் பேசு” என்று தம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். நான் பேசத் தொடங்கினேன். ஓடும் வண்டியின் வேகம் நொடிக்கு நொடி கூடுவதை விளக்கவேண்டிய இடம் வந்தது. ‘ஆக்சிலரேஷன்’ என்றேன்; பிள்ளைகள் விழித்தார்கள். மலையாளச் சொல்லாகிய ‘த்வரணம்’ நினைவில் வந்து நின்றது. தமிழ்ச் சொல் மட்டும் வரவில்லை. முன் வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “முடுக்கமா அண்ணே?” என்றான்.

நண்பர்களே, நான் நாணினேன். வண்டிமாட்டை என் தாத்தா முடுக்கி ஓட்டியதைக் கண்டு வளர்ந்தவன் நான். அச்சொல் என் வீட்டுச் சொல். அதுவே அறிவியற் சொல்லாகிப் பாடநூலில் ஏறியிருக்கிறது. எனக்கு அது தெரியவில்லை!

பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இயற்பியலா கற்பிக்கிறார்கள் என்று நீங்கள் வினவக்கூடும். கற்பிப்பதில்லை, உண்மை. ஆனால் பாடம் நின்றபோது பழக்கமும் நின்றது. நூலகத்தில் தமிழ் அடுக்கின் பக்கம் கால் போகவில்லை. ஐந்தாண்டுகளாகத் தமிழில் ஒரு பத்திகூட எழுதவில்லை. எழுதாத மொழி பேச்சளவில் நின்றுவிடும். பேச்சளவில் நின்ற மொழியைக்கொண்டு சந்தையில் பேரம் பேசலாம், சிந்தனை செய்ய இயலாது.

“தமிழை எப்போது வேண்டுமானாலும் கற்கலாமே! சுந்தர ராமசாமி பதினெட்டு வயதில்தானே தமிழ் எழுதப் படிக்கக் கற்றார்?” என்பர் சிலர். ஆம், கோட்டயத்தில் இளமையைக் கழித்த அவர் அப்படித்தான் கற்றார். தகழியின் ‘செம்மீ’னையும் தமிழுக்குக் கொணர்ந்தார். ஆனால் ஆயிரவரில் ஒருவருக்குக் கைகூடியதை ஆயிரவருக்கும் விதியாக வகுக்கலாமா? நீந்தி ஆற்றைக் கடந்தவர் ஒருவர் உண்டு என்பதற்காகப் பாலத்தை இடிப்பார் உண்டோ?

இன்னொரு சாரார் உளர். “நாம் தமிழர், நமக்கு மலையாளம் எதற்கு?” என்பது அவர்கள் கட்சி. இதையும் நான் ஏற்கவில்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியபோது நம்மில் பலர் முணுமுணுத்தனர். 2006-இல் தமிழ்நாடும் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கச் சட்டம் செய்ததே! அங்கே அதை வரவேற்றுவிட்டு இங்கே இதைப் பழிப்பது நேர்மை ஆகுமா? ஒரு நாட்டின் நீரைக் குடித்து வாழ்கிறவன் அந்நாட்டு மக்களின் மொழியைக் கற்பது கடமை, அது நன்றியுங்கூட. நம் தாய்மொழிக்கு இடம் விட்டு அதைக் கற்பிக்கவேண்டும் என்பதே நாம் கேட்கத்தக்கது.

கடமை மட்டுமன்று, ஆதாயமும் உண்டு. 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து, அறிவியலை மலையாளத்தில் சிற்றூர் தோறும் கொண்டு சென்றது. அது சிறுவர்க்கென நடத்தும் ‘யுரீக்கா’ இதழைப் பள்ளி நாளில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அறிவியலில் எனக்கு முதற்காதலை ஊட்டியது அவ்விதழே. மலையாளம் கல்லாதிருந்தால் அது எனக்குக் கிட்டியிராது.

இந்நகரின் பழைய தமிழர் இரண்டையும் இழக்காது வாழ்ந்தார்கள். ஆலப்புழையில் பிறந்த சுந்தரம் பிள்ளை இங்கே கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டே 1891-இல் ‘மனோன்மணீய’த்தை வெளியிட்டார், அதன் வாழ்த்துப் பகுதியே இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பாடல். சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய ஆ. மாதவனுக்கு 2015-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லை நகர்ந்தது; இங்கே தங்கிய தமிழர் நகரவில்லை.

அவ்வாண்டிலேயே அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க மாநிலங்கள் வசதி செய்ய முயலவேண்டும் என்பது அதன் கருத்து. ஆயின் ‘தொடக்கக் கல்வி நிலையில்’ என்பதோடு அது நின்றுவிடுகிறது. அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் என்ன செய்வது? அங்கே தமிழைக் காப்பது பெரும்பாலும் நம் கையிலுள்ள அந்தப் படிவந்தான். கேட்பார் இருந்தால் வகுப்பு இருக்கும். கேட்பார் அருகினால் வகுப்பை மூடுவார்கள். மதிப்பெண்ணுக்காக நான் இந்தியை எழுதிய அன்று, எங்கோ ஒரு தமிழ் வகுப்பில் ஓர் இடம் காலியாயிற்று. இந்தியின்மேல் எனக்குப் பகை இல்லை. அதனை வேண்டி எடுப்பவர் எடுக்கட்டும். மதிப்பெண்ணுக்காக எடுக்கவேண்டா என்பதே என் வேண்டுகோள்.

இப்போது அதே படிவம் மீண்டும் எங்கள் வீட்டு மேசைமேல் கிடக்கிறது. என் தங்கை பத்தாம் வகுப்புத் தேறியிருக்கிறாள். தமிழ் உள்ள பள்ளிக்கு இரண்டு பேருந்து மாறவேண்டும். “பெண்பிள்ளை அவ்வளவு தூரம் அலைவதா?” என்கிறார், அன்று தயங்காமல் தமிழ் என்று எழுதிய அதே தந்தையார். அவர் கவலையில் நியாயம் உண்டு. அவளோ, “அண்ணே, இந்தி எடுத்தால் மதிப்பெண் கூடுமாமே?” என்று கேட்டாள். முடுக்கத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர் விருப்பப் பட்டியலில் அப்பள்ளியின் பெயரை முதலாவதாக எழுதினாள். காலையில் உடன் சென்று விட்டுவர நான் ஒப்புக்கொண்டேன். இடம் கிடைக்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.

நண்பர்களே, காரியவட்டத்தில் கூடும் நாம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம். நன்று. ஆனால் பள்ளிச் சேர்க்கைக் காலத்தில் இந்நகரில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அந்தப் படிவத்தோடு தனித்து உட்கார்ந்திருக்கின்றன! நம்மில் பத்துப் பேர் சாலைக்கும் கரமனைக்கும் சென்று, எந்தப் பள்ளியில் தமிழ் உண்டு என்று அவர்களுக்குச் சொல்லக்கூடாதா? தமிழ் இல்லாத பள்ளியில் பயில நேர்ந்த பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் எழுதக் கற்பிக்கக்கூடாதா?

தமிழை விடாது கற்போம். மலையாளத்தை விரும்பிக் கற்போம். மதிப்பெண்ணை மறப்போம் என்று சொல்லேன். மதிப்பெண்ணுக்காக மொழியை விற்கவேண்டா என்றே சொல்வேன். ஒருமுறை விற்றவன் நான். மீட்பதற்கு இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.